எச்டிஎம்எல்லை மாற்றும் ப்ளகினுக்கு டெஸ்ட் எழுதுவது எப்படி? கேள்வி பதில்

எச்டிஎம்எல்லை வாங்கி, கொஞ்சம் மாற்றித் திருப்பித் தரும் ப்ளகின்களைப் பல வருடங்களாக எழுதிவருகிறேன். இதற்கு உதவும் போஸ்ட்எச்டிஎம்எல், ரீஹைப், சீரியோ என்ற மூன்று கருவிகளிலும் பழக்கம் உண்டு. இவற்றுக்குத் தானியங்கி டெஸ்ட் எழுதுவது பற்றி நண்பர்கள் கேட்டதற்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வெளித்தள இணைப்புகளின் ரெல் ஆட்ரிபியூட்டில் நோஓப்பனர் (திறக்கப்படும் பக்கம் நம் பக்கத்தைத் தொடாதபடி தடுக்கும் சொல்) சேர்க்கும் சின்ன ப்ளகின் எழுதியிருக்கிறேன். இதுவரை பிரவுசரில் திறந்து கண்ணால்தான் சரிபார்க்கிறேன். டெஸ்ட்டை எங்கே ஆரம்பிப்பது?

ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு ஃபோல்டர் போடுங்கள். உள்ளே இரண்டு ஃபைல்: ப்ளகினுக்குக் கொடுப்பது ஒன்று, வரவேண்டியது ஒன்று. எல்லா ஃபோல்டரையும் சுற்றிவந்து ஒப்பிட ஒரே ஒரு லூப் போதும். தனி டெஸ்ட் கருவி வேண்டாம் என்றால் ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸுக்குள்ளேயே டெஸ்ட் ரன்னர் இருக்கிறது. 20ஆம் பதிப்பிலிருந்து அது நிலையானது.

எதை எழுதுவது என்பதுதான் முக்கியம். வெளி இணைப்பில் நோஓப்பனர் சேர்கிறதா என்று பார்ப்பது ஒரு டெஸ்ட். மற்றதெல்லாம் மாறக்கூடாதவற்றைப் பற்றி இருக்கட்டும்: தளத்துக்குள்ளேயே போகும் இணைப்பு, மின்னஞ்சல் இணைப்பு, எச்ரெஃப் இல்லாத ஏ டேக், கமென்ட்டுக்குள் கிடக்கும் இணைப்பு, ஸ்கிரிப்டுக்குள் ஸ்ட்ரிங்காக இருக்கும் இணைப்பு. அப்புறம், ரெல்லில் ஏற்கெனவே நோஃபாலோ (தேடுபொறிகளுக்கான குறிப்பு) இருந்தால் அதை அழித்துவிடாமல் பக்கத்தில் சேர்க்கிறதா என்பது. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை, ப்ளகின் தன் வேலையைச் செய்யாததால் வந்தவை அல்ல. யாரும் சொல்லாத இடத்தில் கை வைத்ததால் வந்தவை.

கேள்வி: வந்ததையும் வரவேண்டியதையும் ஸ்ட்ரிங்காக ஒப்பிடுகிறேன். ஆட்ரிபியூட் வரிசை மாறினாலே டெஸ்ட் விழுகிறது. ஸ்பேஸை எல்லாம் நீக்கிவிட்டு ஒப்பிடலாமா?

ஸ்பேஸை நீக்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு ஸ்பேன் டேக் இருந்தால் நடுவில் உள்ள ஸ்பேஸ் வாசகர் கண்ணுக்குத் தெரியும். அது போனால் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். ப்ரீ, டெக்ஸ்ட்ஏரியா இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பேஸும் உள்ளடக்கம்தான்.

இரண்டையும் பார்ஸ் செய்து, அதாவது டேக்குகளைப் படித்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மரங்களாக ஒப்பிடுங்கள். டாமில் (பிரவுசர் பக்கத்தை மரமாக வைத்திருக்கும் வடிவம்) இருக்கும் ஈஸ்ஈக்வல்நோட் என்ற ஃபங்ஷன் இதற்காகவே உள்ளது; ஆட்ரிபியூட் வரிசையை அது கண்டுகொள்ளாது. டிஸேபிள்ட் என்று மட்டும் எழுதினாலும், வெற்று மேற்கோளோடு எழுதினாலும் மரத்தில் ஒன்றுதான். ஒரு விஷயம்: ப்ளகின் எழுத்துகளைப் பிரித்து வைத்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டெக்ஸ்ட் நோட் உருவாகும், அப்போது மரம் வேறு என்று சொல்லிவிடும். ஒப்பிடும் முன், அவற்றை ஒன்றாக்கும் நார்மலைஸ் ஃபங்ஷனை அழைத்துவிடுங்கள்.

கேள்வி: முதல் முறை வந்த வெளியீட்டைச் சேமித்துவைத்து அடுத்த முறை அதோடு ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் மட்டும் போதாதா?

போதாது. 2016இல் ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் வந்ததிலிருந்து எனக்கும் பிடித்த வசதி அது, ஆனால் இன்று என்ன வந்தது என்பதைத்தான் அது பதிவு செய்கிறது, அது சரியா என்று அதற்குத் தெரியாது. முப்பது ஸ்னாப்ஷாட் ஒரே நேரத்தில் விழுந்தால் யாரும் படித்துப் பார்க்காமல் புதுப்பித்துவிடுவார்கள். ஒரு திரைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிய உள்ளீடுகளுக்கு மட்டும் வையுங்கள்.

கேள்வி: ஒரு சின்ன டேபிள் துண்டைக் கொடுத்தேன். வெளியே வரும்போது அதைச் சுற்றி எச்டிஎம்எல், ஹெட், பாடி எல்லாம் வந்துவிட்டன, நான் எழுதாத டிபாடியும் இருக்கிறது. என் ப்ளகினில் பிழையா?

இல்லை, அது எச்டிஎம்எல்லைப் படித்து மரமாக்கும் பார்சரின் வேலை. எச்டிஎம்எல் தரநிலைப்படி நடக்கும் பார்சர் விட்டுப்போன டேக்குகளைத் தானே நிரப்பும். முழுப் பக்கமாக அல்லாமல் துண்டாகப் பார்ஸ் செய்தால் சுற்றி வருபவை நின்றுவிடும்: சீரியோவின் லோடு ஃபங்ஷனில் மூன்றாவது இடத்தில் ஃபால்ஸ் கொடுங்கள், பார்ஸ்5 என்ற பார்சரில் பார்ஸ்ஃப்ராக்மென்ட் இருக்கிறது. டிபாடி அப்போதும் வரும். பி டேக்குக்குள் டிவ் போட்டால் பி முன்னதாகவே மூடப்படுவதும் இப்படித்தான். டிவ்வின் இன்னர்எச்டிஎம்எல்லில் வெறும் டிஆர், டிடி கொடுத்தால் டேக்குகள் மறைந்து எழுத்து மட்டும் மிஞ்சும்.

எச்டிஎம்எல்பார்சர்2 என்ற இன்னொரு பார்சர் எச்டிஎம்எல், ஹெட், பாடி, டிபாடி போன்றவற்றைத் தானே நிரப்பாது. அதனால் ப்ளகினைப் பயன்படுத்துபவரிடம் எந்தப் பார்சர் ஓடுகிறதோ அதே பார்சரில் டெஸ்ட்டை ஓட்டுங்கள்.

கூடவே ஓர் அடிப்படை டெஸ்டும் வையுங்கள்: ப்ளகினே இல்லாமல் பார்ஸ் செய்து அப்படியே திருப்பி எழுதிய விளைவு ஒன்று, ப்ளகினுக்கு வேலையே இல்லாத உள்ளீட்டை அதன் வழியாக அனுப்பிய விளைவு ஒன்று. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். யார் தவறு என்ற குழப்பம் இதோடு தீரும்.

கேள்வி: ஒரே பக்கத்தை இரண்டு முறை ப்ளகின் வழியாக அனுப்பிப் பார்க்க வேண்டும் என்கிறார்களே, அவசியமா?

மிகவும் அவசியம். படத்தைச் சுற்றி டிவ் போடும் ப்ளகின் இரண்டாம் முறை இன்னொரு டிவ் போடும். நிஜத்தில் பக்கங்கள் பல கட்டங்களைத் தாண்டித்தான் வருகின்றன.

நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். நிரல் துண்டுகள் உள்ள பக்கம் ஒன்றில், ப்ரீயின் தொடக்கத்தில் இருந்த வெற்று வரி காணாமல் போய்க்கொண்டே இருந்தது. என் கோடை இரண்டு நாள் துருவினேன். ப்ரீ திறந்த உடனே வரும் ஒரு வரிமாற்றத்தைப் பார்சர் விழுங்கிவிட வேண்டும் என்பது விதி. திருப்பி எழுதும்போது அது மீண்டும் சேர்க்கப்படுவதில்லை. ஆக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி போகிறது. எழுதியதைத் திரும்பப் பார்ஸ் செய்தால் அதே மரம் வராமல் போகலாம் என்று தரநிலையே எச்சரிக்கிறது; அதை அன்றுதான் படித்தேன். இரண்டு முறை ஓட்டும் டெஸ்ட் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கேள்வி: பத்தியின் முதல் எழுத்தை ஸ்பேன் டேக்கில் சுற்றிப் பெரிதாகக் காட்டும் ப்ளகின் என்னுடையது. ஆங்கிலத்தில் சரியாக வருகிறது, தமிழில் உடைகிறது.

பூஜ்யமாவது இடத்தில் உள்ளதை மட்டும் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘கொடி’ என்ற சொல்லில் அங்கே இருப்பது வெறும் ‘க’. ஒகரக் குறி வெளியே நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்ட்ல்.செக்மென்டரைக் கிராஃபீம் (வாசகர் ஓர் எழுத்தாகப் பார்ப்பது) அளவில் பயன்படுத்துங்கள். டெஸ்டில் கொ, கௌ, க் எல்லாம் இருக்கட்டும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் சேருங்கள்: யூனிகோட் விதிப்படி அவை ‘க்’, ‘ஷ’ என்றும் ‘ஸ்’, ‘ரீ’ என்றும் இரண்டிரண்டாகப் பிரியும், அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இரண்டு வடிவத்துக்கும் ஃபைல் வையுங்கள்.

கேள்வி: பிரவுசர் இல்லாமலே டாமைத் தரும் ஜேஎஸ்டாம் போதுமா, உண்மையான பிரவுசர் வேண்டுமா?

மார்க்அப்பை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் ஜேஎஸ்டாமே போதும், பல நேரம் பார்ஸ்5 மட்டுமே போதும், வேகமும் அதிகம். ஜேஎஸ்டாம் பக்கத்தை வரைந்து பார்ப்பதில்லை, அதனால் அகலம் உயரம் கேட்டால் பூஜ்யம்தான் வரும். அளவைப் பார்த்து முடிவெடுக்கும் ப்ளகினாக இருந்தால் அந்தச் சில டெஸ்ட்டுகளை மட்டும், உண்மையான பிரவுசரை இயக்கும் ப்ளேரைட்டில் ஓட்டுங்கள்.