ஏ.எல்-ல (உயர்தரச் சோதினையில) இசட் ஸ்கோர், அதாவது கம்பஸுக்கு ஆக்களை எடுக்கப் பார்க்கிற புள்ளி, காணாது. மகனை என்.வி.கியூ படிக்க விட்டா பிறகு டிகிரிக்கு வழி இருக்கோ?

கேட்டது ஒரு அம்மாவாத்தான் இருக்கவேணும், அதால அக்கா எண்டே எழுதுறன். உங்கட வீட்டு நிலைமை எனக்கு அப்பிடியே தெரியுது. பெடியன் கணிதப் பிரிவில எடுத்து கம்பஸ் கிடைக்கேல்ல, திரும்ப எடுக்கிறதோ ரெக்குக்கு, அதாவது தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போறதோ எண்டு வீட்டில இழுபறி, அதுக்குள்ள ஆரும் மாமி சித்தி வந்து "ஐயோ, பிள்ளையை மெக்கானிக்காக்கப் போறியளோ" எண்டு கேட்டிருப்பினம்.

நேரா சொல்லுறன், வழி இருக்கு. என்.வி.கியூ எண்டது எங்கட இலங்கையின்ர தேசிய தொழிற்தகைமை, 1-ல தொடங்கி 7 மட்டும் போகுது. 4 வரைக்கும் சேர்ட்டிபிக்கற், 5-ம் 6-ம் டிப்ளோமா, 7 எண்டால் டிகிரி. அந்த டிகிரியைக் குடுக்கத்தான் 2008-ல தனிச் சட்டம் போட்டு இரத்மலானையில யூனிவொடெக் எண்ட தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் தொடங்கினவை. டிப்ளோமா முடிச்ச ஆக்கள் அங்க போகலாம், இசட் ஸ்கோர் கேக்க மாட்டினம். யாழ்ப்பாணத்திலயே பல்கலைக்கழகக் கல்லூரி எண்டு ஒண்டு இருக்கு, கம்பஸ் வேற இது வேற, அங்க 5, 6 படிக்கலாம். அப்ப என்.வி.கியூ படிச்சா மேல போற வழி அடைபடும் எண்டு ஆரும் சொன்னால், அவை சரியா விசாரிக்காமல் சொல்லுகினம்.

நான் ஏன் இவ்வளவு மினக்கெட்டு எழுதுறன் எண்டால், நானும் இந்த வழியால வந்த ஆள்தான். சுன்னாகத்தில ஏசி, பிரிட்ஜ், கூல் ரூம் வேலை செய்யிறன். ஏ.எல் முடிய கம்பஸ் கிடைக்காமல் ஒரு அண்ணையின்ர கடையில நிண்டு வேலை பழகினனான், கனகாலம் கையில ஒரு சேர்ட்டிபிக்கற்றும் இல்லாமல்தான் செய்தது. பிறகுதான் செய்த வேலையளின்ர படம், பில், வாடிக்கையாளர் தந்த கடிதம் எல்லாத்தையும் ஒரு பைலில போட்டு, அசெசருக்கு முன்னால வேலையைச் செய்து காட்டி என்.வி.கியூ 4 எடுத்தன், அனுபவம் இருக்கிற ஆக்களுக்கு அப்பிடி ஒரு முறை இருக்கு, எங்கட பக்கம் கன பேருக்குத் தெரியாது. அதுக்குப் பிறகு டிப்ளோமா. ஏ.எல்-க்கு பௌதிகத்தில வெப்பவியல் எல்லாம் பாடமாக்கினனான், ஆனா அது என்னத்துக்கு எண்டு டிப்ளோமா வகுப்பில அமுக்கம் பார்க்கிற கேஜைக் கையில பிடிச்சபோதுதான் விளங்கினது.

ஒரு வேலையைச் சொல்லுறன். பருத்தித்துறைப் பக்கம் மீன் வைக்கிற கூல் ரூம் ஒண்டு, கொம்பிரசர் போய் புதுசு போட்டு அதுவும் போயிட்டுது. முதல் வந்தவை குளிராக்கிற காஸ் கூடிப்போச்சு எண்டு இறக்கினவை, பிறகு வந்தவை காணாது எண்டு ஏத்தினவை. நான் போகேக்க கொம்பிரசர் முழுக்க வெள்ளையா ஐஸ் படிஞ்சு நிக்குது. காஸ் திரும்பி வாற லைனில கேஜைப் பூட்டி அமுக்கத்தைப் பார்த்தன், அந்த அமுக்கத்தில அந்தக் காஸ் எத்தினை பாகையில கொதிக்கும் எண்டு சார்ட்டில பார்த்தன், பிறகு பைப்பில தேர்மோமீற்றரை வைச்சுப் பார்த்தன். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்ப காஸ் முழுக்க ஆவியாகாமல் திரவமாவே கொம்பிரசருக்குள்ள போகுது எண்டு அர்த்தம், திரவத்தை ஆராலும் அமுக்கேலாது, வால்வு உடையத்தான் செய்யும். தேடிப் பார்த்தா காஸை அளந்து விடுற எக்ஸ்பான்ஷன் வால்வின்ர பல்ப் பைப்போட ஒட்டாமல் கிளிப் கழண்டு தொங்குது. பைப்பின்ர குளிரை உணரவேண்டிய சாமான் சுத்தியிருக்கிற காத்தை உணர்ந்து, சூடா இருக்கு எண்டு வால்வைத் திறந்து வைச்சிருக்கு. பல்பை இறுக்கிக் கட்டி மேல இன்சுலேஷன் சுத்தினன், சரி வந்திட்டுது.

முதலாளி ஐயா பக்கத்தில நிண்டு எல்லாத்தையும் பார்த்திட்டு "தம்பி எந்தக் கம்பஸில எஞ்சினியரிங் செய்தனீர்?" எண்டு கேட்டார். நான் என்.வி.கியூ எண்டு சொன்னன். "ஓ, அப்ப சும்மா ரெக்கோ" எண்டார். கண்ணுக்கு முன்னால பார்த்த மனுசன்! அந்த "சும்மா" இண்டைக்கும் எனக்குக் குத்துது, அதுதான் உங்கட கேள்வியைக் கண்டவுடன இருந்து எழுதுறன்.

என்ர அக்காவின்ர மகன் சுவிஸில எலெக்ட்ரிஷனுக்கு லேர, அதாவது தொழில் பழகுற பயிற்சி செய்தவன். 4 வருசம், கிழமையில ஒண்டு ரெண்டு நாள் பள்ளிக்கூடம், மிச்ச நாள் கொம்பனியில வேலை, மாசாமாசம் சம்பளம். அங்க 3-ல 2 பங்குப் பிள்ளையள் அளவில அப்பிடித்தான் போறவை, அதில ஒரு வெக்கமும் இல்லை. அவன் லேரயோடயே பெரூஃப்ஸ்மத்தூரா எண்ட சோதினையையும் எடுத்து, அதைக் காட்டி ஃபாக்ஹோக்சூல எண்ட தொழில்சார் உயர்கல்லூரியில சேர்ந்து இப்ப எஞ்சினியரிங் டிகிரி செய்யிறான். அந்த மத்தூரா 1990-களின்ர நடுவில கொண்டு வந்தது, அதுக்குப் பின்னாலதான் அந்த உயர்கல்லூரியள் வந்தது. அதாவது தொழில் பழகின பிள்ளை மேல போறதுக்கெண்டு ஒரு நாடே யோசிச்சு வழி போட்டிருக்கு.

ஜேர்மனியில தொழிலில மைஸ்டர் எண்ட மேல்மட்டத் தகுதி எடுத்த ஆளும் பச்சலர் டிகிரி எடுத்த ஆளும் அவையின்ர தகுதிச் சட்டகத்தில ஒரே படி, 6-ம் படி. 2009-ல இருந்து மைஸ்டருக்கு ஏ.எல் மாதிரியான அபிட்டூர் இல்லாமலே யூனிவர்சிட்டிக் கதவு திறந்திட்டுது. 2020-ல பச்சலர் புரொபெஷனல் எண்டு பட்டத்தின்ர பேரையே குடுத்தவை, அதுக்கு யூனிவர்சிட்டிக்காரர் சிலர் எதிர்ப்புக் காட்டினவையாம். ஆனா அங்கயும் எல்லாம் தேனும் பாலும் எண்டு சொல்ல வரேல்ல. இப்ப புதுசா யூனிவர்சிட்டிக்குப் போறவையின்ர தொகையும் தொழில் பழகப் போறவையின்ர தொகையும் கிட்டத்தட்ட சமனா வந்திட்டுது, பழகுறதுக்குப் பிள்ளையள் கிடைக்கேல்ல எண்டு கொம்பனியள் அந்தரிக்குது. இங்கிலாந்தில 1992-ல பொலிடெக்னிக் எல்லாத்தையும் யூனிவர்சிட்டி ஆக்கிப்போட்டு, நடுத்தர ரெக்னீஷியன் காணாது எண்டு பிறகு கவலைப்பட்டு, 2015-ல வேலையோட சேர்த்து டிகிரி குடுக்கிற அப்ரெண்டிஷிப் முறையைத் தொடங்கினவை. ஒவ்வொரு நாடும் ரெண்டையும் சேர்க்கத்தான் பாடுபடுகுது.

எங்கட ஆக்களுக்கு ஏன் கம்பஸ் எண்டால் உயிர் எண்டதும் எனக்கு விளங்குது, அதைக் குறைச்சுச் சொல்லேல்ல. மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சு அரசாங்க உத்தியோகம் எடுத்துத்தான் கன குடும்பம் நிமிர்ந்தது. 70-களில மொழியையும் மாவட்டத்தையும் பார்த்துக் கம்பஸுக்கு எடுக்கிற தரப்படுத்தல் வந்து மாக்ஸ் இருந்தும் பெடியள் வெளியில நிண்டவை. பறிச்ச சாமானில ஆசை கூடத்தான் செய்யும். ஆனா இண்டைக்கு ஏ.எல்-ல தகுதி பெறுற பிள்ளையளில 3-ல 2 பங்குக்கும் மேற்பட்டவைக்கு அரசாங்கக் கம்பஸில இடமே இல்லை. அவ்வளவு பேரும் தோத்தவையோ? கம்பஸுக்கு எதிரா எழுதுறான் எண்டு ஒருத்தரும் சண்டைக்கு வராதேங்கோ, என்ர மனுசி யாழ்ப்பாணக் கம்பஸில படிச்ச ரீச்சர், எங்கட மகளுக்கும் விருப்பமெண்டால் கம்பஸுக்கே விடுவன்.

எனக்கு இருக்கிற கோவம் வேற. ஒரு அரசாங்க நிறுவனத்தில ரெக்னிக்கல் வேலைக்கு விளம்பரம் வந்தது, பேர் சொல்லேல்ல. என்.வி.கியூ 6-ஐக் கொண்டு போனன். அங்க இருந்தவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு "ஏ.எல் 3 பாடமும் பாஸோ? டிகிரியோ?" எண்டு கேட்டு, 6 எண்டால் என்னெண்டே தெரியாமல் ஓரமா வைச்சிட்டார். சட்டம் ஒரு பக்கம் படி கட்டுது, கவுண்டரில இருக்கிற ஆள் அந்தப் படியைக் காணேல்ல எண்டால் பெடியள் எங்க போறது? 7 எண்டு பேப்பரில போட்டாக் காணாது, ஒவ்வொரு வேலை விளம்பரத்திலயும் என்.வி.கியூ இலக்கம் வரவேணும்.

இன்னொண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், ஆனா சொல்லாமல் விடேலாது. இப்ப வாற காஸ் சிலிண்டரில சிலது வெளியில ஆர் 134 ஏ எண்டு (பிரிட்ஜுக்கு ஏத்துற ஒரு காஸ்) லேபல், உள்ளுக்கு வேற கலவை. சிலது பத்தக்கூடிய காஸ். பெடியள் நம்பி ஏத்திப்போட்டு பக்கத்தில வெல்டிங் ரோச்சைப் பத்த வைச்சா என்ன நடக்கும்? விலை குறைவெண்டு வாங்காதேங்கோ. விக்கிற ஆக்களைப் பிடிக்கிறது காணாது.

சரி, உங்கட மகன்ர விசயம். சேருறதுக்கு முதல் அந்த இடம் ரி.வி.ஈ.சி எண்ட அரசாங்கத் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சதோ, பாடநெறி என்.வி.கியூ அங்கீகாரம் உள்ளதோ, எத்தினையாம் மட்டம் எண்டு எழுத்தில கேளுங்கோ. "இன்டர்நேஷனல் டிப்ளோமா" எண்டு பளபளப்பா அட்டை குடுத்துப்போட்டு மட்டம் சொல்லாத இடத்துக்குக் காசு கட்டாதேங்கோ, அதை வைச்சு 5-க்கு ஏறேலாது. ஜேர்மனிக்கு ஆஸ்பில்டுங் (தொழில் பழகுற இடம்) எடுத்துத் தாறம் எண்டு லட்சக்கணக்கில கேக்கிற ஆக்களிட்டையும் கவனம், அங்க பழகுற பிள்ளைக்குக் கொம்பனிதான் மாசாமாசம் காசு குடுக்கும், பிள்ளை படிக்கவேண்டியது ஜேர்மன் பாஷை. இங்கிலிஷையும் கணக்கையும் விடவேண்டாம் எண்டு மகனிட்டச் சொல்லுங்கோ, 5-க்கு மேல எல்லாம் இங்கிலிஷ்தான், எங்கட வகுப்பில நல்ல கைவேலைக்காரர் அதிலதான் நிண்டு போனவை. கிளிநொச்சி அறிவியல் நகரில ஜேர்மன் உதவியோட 2016-ல திறந்த பயிற்சி நிலையத்தையும் ஒருக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போய் காட்டுங்கோ, பட்டறையைக் கண்ணால பார்த்திட்டு அவனே எந்தத் துறை எண்டு சொல்லட்டும். ஏசி வேலை எண்டு சொன்னால் எனக்கு மெசேஜ் போடுங்கோ, லீவில கடையில வந்து நிண்டு பார்க்கலாம்.