மாதுங்கா அண்ணாச்சி பதில்கள்: மூக்குத்தி தூசி இல்லை

1979-ல் பம்பாய்க்கு வந்து, மாதுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் டார்க் ரூம் பையனாகச் சேர்ந்து, பிறகு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சொந்தமாகக் கடை நடத்தியவர் அண்ணாச்சி. இப்போது வீட்டில் ஸ்கேனரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பழைய குடும்பப் படங்கள் பற்றி மும்பை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில்.

அண்ணாச்சி, எங்கள் பாட்டிக்கு இருப்பது ஒரே ஒரு படம்தான். பாஸ்போர்ட் சைஸ், அதுவும் மங்கியது. மகன் போனில் ஏதோ ஆப்பில் போட்டுப் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்தான். அம்மா பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்று கேட்டுவிட்டார். எங்கே தப்பு?
- வாசகி, செம்பூர்

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன் அம்மா. பாட்டிக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. புதுப் படத்தில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இன்னொரு கல்லைத் தூசி என்று நினைத்து ஆப் துடைத்துவிட்டது. அதுகூடப் போகட்டும், கன்னத்தைப் பாருங்கள். பழைய படத்தில் இடது கன்னம் லேசாக உப்பியிருக்கிறது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று பந்தயமே கட்டுவேன். புதுப் படத்தில் இரண்டு கன்னமும் ஒரே அளவு. உங்கள் அம்மா தேடியது அந்த உப்பிய கன்னத்தை.

மங்கலுக்குள் ஒளிந்திருக்கும் பாட்டியை இந்த ஆப் தோண்டி எடுப்பதில்லை. ஏகப்பட்ட முகங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. கண் என்றால் இப்படி இருக்கும், உதடு என்றால் இப்படி இருக்கும் என்று அதுவாக வரைந்து நிரப்புகிறது. பாஸ்போர்ட் படத்தில் கண்ணே கடுகு அளவு. அதில் இல்லாத இமைமுடி புதுப் படத்தில் எங்கிருந்து வந்தது? யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் இமைமுடி.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. நெகட்டிவில் பென்சிலைச் சீவிச் சீவி டச்சிங் போட்டவன். அம்மைத் தழும்பை மறைத்திருக்கிறேன், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்தில் கண்ணுக்கடியில் இருந்த கருவளையத்தை எடுத்திருக்கிறேன். ஆனால் அப்போது முகத்துக்குச் சொந்தக்காரரே எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, "இதை மட்டும் எடுத்துருங்க" என்பார். உங்கள் பாட்டியிடம் யார் கேட்டது?

இப்படிச் செய்யுங்கள். படத்தைப் போனில் எடுக்காமல், தட்டையான ஸ்கேனரில் 1200 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி, வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் தானாகத் திருத்தும் வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். டிஃப் ஃபைலாகச் சேமித்து, பெயரில் 'அசல்' என்று போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஜேபெக் ஃபைலைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும், டிஃப் தேயாது. பிறகு ஒரு நகல் எடுத்து, அதில் கீறல், மடிப்பு, கறை மட்டும் கையால் சரிசெய்யுங்கள். மூக்குக்குப் பக்கத்தில் வரும்போது கையை எடுத்துவிடுங்கள். அந்த ஸ்கேனை நான்கு மடங்கு வரை பெரிதாக்கிச் சட்டம் போடலாம். சுவர் அளவுக்கு ஆசைப்பட்டால் மறுபடி அந்த ஆப்பிடம்தான் போய் நிற்பீர்கள்.

1980-களில் எடுத்த கலர் படங்கள் ஆல்பத்துக்குள்ளேயே இருந்தும் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டன. வெயிலே படவில்லையே?
- வாசகர், முலுண்ட்

கலர் பிரிண்டில் மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்) என்று மூன்று சாயங்கள். அந்தக் காலத்துத் தாள் பலவற்றில், இருட்டில் கிடந்தாலும் சயான்தான் முதலில் காலி. அது போனால் மிச்சம் சிவப்புதான். கம்ப்யூட்டரில் வெள்ளைப் புள்ளி எடுக்கச் சொல்லும் கருவி ஒன்று இருக்கும், எல்லோரும் வேட்டியில் கொண்டுபோய் வைப்பார்கள். சொட்டு நீலம் போட்ட வேட்டி வெள்ளை இல்லை தம்பி, அதை நம்பினால் படம் முழுக்க மஞ்சளடிக்கும். நான் நெற்றி விபூதியில் வைப்பேன். நம் ஊர்ப் படங்களில் எப்படியும் ஒருவராவது பட்டை அடித்திருப்பார்.

தாத்தா படம் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா?
- வாசகி, ஆன்டாப் ஹில்

கூடாது. மழைக்கால ஈரத்தில் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அதோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். அடுத்த படத்துக்கு ஃப்ரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரமாக அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

அப்பா, அம்மா, கைக்குழந்தையாக அண்ணன் மூவரும் எங்கள் தாராவி வீட்டில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் ஒரே குப்பை: தகர டிரம், பம்ப் ஸ்டவ், கொடியில் துணி. அதையெல்லாம் வெட்டிவிட்டு முகங்களை மட்டும் பெரிதாக்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். எந்த வருஷம் என்றும் தெரியவில்லை, அப்பா 1982 என்கிறார், அம்மா இல்லை என்கிறார்.
- வாசகர், தாராவி

வெட்டியிருந்தால் அம்மா கட்சி தோற்றிருக்கும்.

உங்கள் அப்பாவின் தோளுக்குப் பின்னால், கொடியில் தொங்கும் துண்டுக்கும் கதவுக்கும் நடுவில், பாதி மறைந்து ஒரு தினசரி காலண்டர். வெறும் கண்ணுக்கு வெள்ளைக் கட்டமாகத்தான் தெரிந்தது. 1200-ல் ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். தடித்த 9. மேலே அக்டோபர். கீழே ஞாயிறு. வருஷம் துண்டுக்குப் பின்னால் போய்விட்டது. சரி, அக்டோபர் 9 ஞாயிற்றுக்கிழமையாக வந்த வருஷங்களைத் தேடினால் 1977, 1983, 1988, 1994. அண்ணன் 1982 டிசம்பரில் பிறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மடியில் இருப்பது பத்து மாதக் குழந்தை. ஆக 1983. அன்று அப்பாவுக்கு லீவு, அதனால்தான் பகலில் வீட்டில் இருக்கிறார், கொடியில் துணியும் இருக்கிறது.

காலண்டர் தாளை அன்றைக்குக் கிழித்தார்களா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு நாள் முன்னே பின்னே போகலாம், வருஷம் போகாது.

நீங்கள் குப்பை என்கிறீர்களே, அந்த டிரம்மின் மூடியில் ஒரு செம்பு கவிழ்த்து வைத்திருக்கிறது. தண்ணீர் தீர்ந்த நேரமா, பிடித்து வைத்த நேரமா என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார். முகத்தை மட்டும் வைத்து அந்தப் பேச்சைக் கிளப்ப முடியாது. முகத்தை எந்த ஸ்டுடியோவிலும் எடுக்கலாம், நானே ஒரு நாளைக்கு நாற்பது எடுத்தேன், நீலத் திரைக்கு முன்னால் எல்லாரும் ஒரே மாதிரி. அந்த அறைக்குள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

குழுவில் போடும்போது ஒன்று. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், காலண்டர் மறுபடியும் வெள்ளைக் கட்டமாகிவிடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள், சுருங்காது. ஸ்கேன் செய்த நாளைத்தான் போன் படத்தின் தேதியாக வைத்துக்கொள்ளும். கூகுள் போட்டோஸில் ஏற்றினால் அங்கே தேதியை 1983 அக்டோபர் 9 என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அண்ணனின் கைக்குழந்தைப் படம் அவருடைய பேரன் படத்துக்கு அடுத்து வந்து நிற்கும். அங்கே இலவசமாக 15 ஜிபிதான், அதுவும் மெயிலோடு பங்கு. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ஊரில் தங்கச்சி வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.

மகளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. பேத்தியின் முதல் பிறந்தநாள் படத்தில் முன்னாள் மாப்பிள்ளை நிற்கிறார். அவரை மட்டும் நீக்கித் தர முடியுமா?
- பெயர் வேண்டாம், சயான்

முடியும். பத்து நிமிஷ வேலை. ஆனால் பேத்தியின் வலது கை அவர் சட்டைப் பையைப் பிடித்திருக்கிறது. ஆளை எடுத்தால் அந்தக் கையை என்ன செய்வது? வெறுங்காற்றைப் பிடித்த மாதிரி விடவா, கையையும் வெட்டவா? உங்கள் ஹாலில் மாட்ட ஒரு நகல் செய்து தருகிறேன், பாட்டியும் பேத்தியும் மட்டும் வருகிற மாதிரி. அசலைத் தொட மாட்டேன். அதை ஒரு கவரில் போட்டு பேத்தி பேரை எழுதி வையுங்கள். அது அவளுடைய படம், உங்களுடையது இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

படத்தின் பின்னால் பேர் எழுத எந்தப் பேனா?
- வாசகி, டோம்பிவிலி

பேனாவே வேண்டாம். மிருதுவான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனாவில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் நெற்றியில் கோடு தெரியும். பேரோடு உறவையும் எழுதுங்கள். 'செல்லம்மா அத்தை' என்றால் யாருக்கு அத்தை என்று உங்களுக்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

எங்கள் கல்யாணம் 1991-ல் மாதுங்காவில் நடந்தது. படம் எடுத்தது நீங்கள்தான். ஆல்பம் கரையான் அரித்துவிட்டது. நெகட்டிவ் உங்களிடம் இருக்குமா?
- வாசகர், நெருல்

இருந்தது. 2005 ஜூலை 26 வரைக்கும். அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கிங்ஸ் சர்க்கிளில் என் கடைக்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நெகட்டிவ் அலமாரியில் வருஷ வாரியாக அடுக்கியிருந்தேன், 1990-லிருந்து 94 வரை கீழ்த்தட்டு.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், நீங்கள் யாரும் செய்யாதீர்கள். கவர்களோடு எடுத்துத் தரையில் பரப்பி, ஃபேனைப் போட்டுக் காய வைத்தேன். காயக் காய ஜெலட்டின் கவரோடு ஒட்டி, இரண்டு நாளில் எல்லாம் ஒரே கட்டி. சுத்தமான குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, அலசி, கொடியில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்க வேண்டும். ஒரே நாளில் முடிக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்திருக்கலாம். பிரிண்டுகளுக்கும் இதே வைத்தியம்தான். டார்க் ரூமில் இருபத்தைந்து வருஷம் தண்ணீரில் படம் அலசியவனுக்கு அன்று அது தோன்றவில்லை.

ஆனால் 1991-ல் நான் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு செட் கொடுப்பேன். உங்கள் மனைவி வழியில் யாரிடமாவது இன்னொரு செட் இருக்கும். ஊரில் பெரிய மச்சான் வீட்டுப் பரணில் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் பிரிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், நான் ஸ்கேன் செய்து தருகிறேன். காசு வேண்டாம்.