கத்திரி வெயிலில் கால்களைக் காப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போவதை விடமாட்டார். சென்ற வருடம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உள்ளங்காலில் பெரிய கொப்புளம் இருப்பதைப் பார்த்தோம். அவருக்கு வலியே தெரியவில்லை. இந்த வருடமும் வெறுங்காலோடுதான் நடப்பேன் என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, விழுப்புரம்

பதில்: கொப்புளத்தைவிட, வலி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எங்களைக் கவலைப்பட வைக்கிறது. சர்க்கரை நோய் நீண்ட நாள் இருந்தால் முதலில் அடிபடுவது உடலின் நீளமான நரம்புகள். அவை முடிவது கால் விரல்களில். அதனால் உணர்ச்சி குறைவது அங்கேதான் தொடங்கும். நிற்பார், நடப்பார், எல்லாம் வழக்கம்போல் இருக்கும். சூடு மட்டும் உறைக்காது.

காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் மதியத்தில் தார்ச்சாலையும் கருங்கல் தரையும் 60 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் தோல் வெந்துபோகச் சில நொடிகள் போதும். உணர்ச்சி உள்ளவர் சுரீர் என்றதும் காலை எடுத்து நிழலுக்கு ஓடுவார். உங்கள் அப்பா அதே வேகத்தில் நடந்துகொண்டே இருப்பார். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலுக்கு ரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும். அதற்குள் கிருமி உள்ளே இறங்கி எலும்பு வரை போய்விடலாம். விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் இப்படிக் கவனிக்காமல் விட்ட சின்னப் புண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

இன்றே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். அப்பாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய வலது கால் கட்டைவிரல் நுனியை ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. தொட்டது தெரிந்தால் ‘வலது’ என்று சொல்லட்டும். பிறகு வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், கடைசியாக இரண்டு கால்களின் நடுவிரல்கள். மொத்தம் ஆறு இடம். ஒரு விரலை ஒரு தடவைதான் தொட வேண்டும். ‘இப்போது தெரிகிறதா?’ என்று கேட்டுக் கேட்டுத் தொட்டால் சோதனை வீண். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள். சர்க்கரை நோய் மருத்துவரிடம் காட்டி, நைலான் இழையால் செய்யும் பாதப் பரிசோதனையையும், ரத்த ஓட்டப் பரிசோதனையையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உணர்ச்சி குறைந்த காலோடு அதை வெறுங்காலில் நடப்பது, இரவு நேரமானாலும் சரியில்லை. சூடு தணிந்திருக்கும், ஆனால் கண்ணாடிச் சில்லும் முள்ளும் அங்கேயேதான் கிடக்கும். செருப்பைச் சன்னதிக்கு வெளியேதான் கழற்ற வேண்டும், சாலையில் அல்ல என்று அப்பாவிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் மலையை வண்டியில் சுற்றி வரட்டும். மற்ற கோயில்களுக்குக் காலை 8 மணிக்குள் போய்விடுவது நல்லது. மாலையில் வெயில் இறங்கினாலும் கல் உடனே ஆறாது. இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். பிராகாரத்தில் தேங்காய் நார் விரிப்போ வெள்ளைப் பூச்சு அடித்த பாதையோ இருந்தால் அதை விட்டு இறங்க வேண்டாம். தடித்த பருத்தி சாக்ஸ் அனுமதிக்கும் இடங்களில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பிக் கொதிக்கும் கல்லில் நிற்கக் கூடாது.

செருப்பைப் பொறுத்தவரை எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மரத்துப்போன கால்களுக்காகச் செருப்பு செய்யத் தொடங்கிய காலத்தில் வழக்கத்துக்கு வந்தது இது. உட்புறம் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீளும் மெத்தென்ற ரப்பர். அடிப்புறம் முள் ஏறாத கெட்டியான ரப்பர். பின்வார் கட்டாயம் வேண்டும். உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் போகும். கட்டைவிரலைத் தனியாகப் பிடிக்கும் வளையம் வேண்டாம், அது விரல் இடுக்கை அறுத்துவிடும்.

தினமும் இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நீங்கள் பார்த்துவிடுங்கள். நீங்கள் இல்லாத நாளில் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அவரே பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு, வீக்கம், கொப்புளம், நீர்க்கசிவு, கறுப்பு என எது தெரிந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். ‘வலிக்கவில்லையே’ என்று அவர் சொல்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: செக்யூரிட்டி வேலை. 12 மணி நேரம் ஷூவோடு நிற்கிறேன். விரல் இடுக்கு வெள்ளையாக ஊறிப்போய் அரிக்கிறது. சாக்ஸைக் கழற்றினால் நாற்றம் தாங்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீம் போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகிறது.
– வாசகர், சென்னை

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். டியூபின் பின்னால் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், ஆனால் பூஞ்சை உள்ளே தாராளமாகப் பரவும். மருந்துச் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் கைக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

உங்களுக்கு இரண்டு பிரச்சினைகள் சேர்ந்திருக்கலாம். இடுக்கில் வெள்ளையாக ஊறி உரிவது பூஞ்சை, நாம் சேற்றுப்புண் என்று சொல்வது. பெயரில் சேறு இருந்தாலும் வியர்வை ஈரமே அதற்குப் போதும். நான்காம் விரலும் சுண்டுவிரலும் நெருக்கமாக இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நாற்றம் பாக்டீரியாவின் வேலை. பாதத்தின் அழுத்தம் படும் இடங்களில் ஊசியால் குத்தினாற்போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது உறுதி. அதற்குப் பூஞ்சை மருந்து மட்டும் போதாது. தோல் மருத்துவர் தரும் பாக்டீரியாவுக்கான களிம்பு தேவைப்படும்.

இடுக்குப் பூஞ்சைக்கு, வேறு மருந்து கலக்காத குளோட்ரிமசோல் 1% கிரீமைக் காலையும் இரவும் நான்கு வாரம் போடுங்கள். புண்ணின் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் சுற்றியும் தடவ வேண்டும். பத்து நாளில் பார்ப்பதற்குச் சரியாகிவிடும், பலரும் அப்போதே நிறுத்திவிடுகிறார்கள், மறுபடி வருகிறது. டெர்பினாஃபின் 1% கிரீம் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். நான்கு வாரத்திலும் அடங்காவிட்டாலோ, நகம் மஞ்சளாகித் தடித்திருந்தாலோ டாக்டரைப் பாருங்கள். நகத்துக்குள் போன பூஞ்சைக்குக் கிரீம் எட்டாது.

வேலைக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துப் போங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலைத் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, புது ஜோடியை மாட்டுங்கள். ஷூவும் இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் போடலாம். ஒரே இரவில் ஷூவின் உட்புறம் காயாது. உள் அட்டையை உருவி வெளியே வைத்தால் சீக்கிரம் காயும். பவுடரை இடுக்கில் அள்ளிக் கொட்டாதீர்கள். வியர்வையோடு சேர்ந்து கட்டியாகித் தோலை இன்னும் ஊற வைக்கும். காலுக்கு என்று தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். உடை மாற்றும்போது ஜட்டிக்கு முன்னால் சாக்ஸைப் போடுங்கள். இல்லாவிட்டால் காலில் உள்ள பூஞ்சை துணியோடு ஏறித் தொடை இடுக்குக்குப் போய்விடும்.

கேள்வி: பித்தவெடிப்புக்குத் தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். பலன் இல்லை. பார்லரில் பிளேடால் சீவிவிடலாம் என்கிறார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: பிளேடு வேண்டாம். சீவச் சீவத் தோல் இன்னும் தடிப்பாக வளரும். தவறி ஆழமாகப் பட்டால் புண்ணாகும்.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அங்கே உள்ள ஈரம் போய்விட்டால் தோல் விறைத்துவிடும். நிற்கும்போது குதிகால் சதை பக்கவாட்டில் பிதுங்கும், விறைத்த தோல் அதற்கு வளைந்து கொடுக்காமல் பிளக்கும். பின்பக்கம் திறந்த செருப்பும், வெறும் தரையில் வெகுநேரம் நிற்பதும் இதை அதிகமாக்கும். தேங்காய் எண்ணெய் உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கும், ஆனால் காய்ந்த தோலுக்கு ஈரத்தைக் கொடுக்காது. நீங்கள் உலர்ந்த காலில் தடவியிருப்பீர்கள்.

இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை வைத்திருங்கள், அதற்கு மேல் வேண்டாம். நுரைக்கல்லால் ஒரே திசையில் லேசாகத் தேயுங்கள், வாரத்துக்கு இரண்டு முறை போதும். துடைத்து, ஈரம் இன்னும் இருக்கும்போதே யூரியா 10 சதவீதம் கலந்த கிரீமைக் குதிகாலில் தடவுங்கள். தோல் மிகவும் தடித்திருந்தால் 20 சதவீதம். மேலே பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கலாம். ரத்தம் கசியும் வெடிப்பில் யூரியா எரியும், அது மூடும்வரை வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். இரண்டு மூன்று வாரத்தில் நல்ல மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலோ, உள்ளங்கையிலும் இதே போலத் தடித்து அரித்தாலோ அது சொரியாசிஸ், எக்ஸிமா போன்ற தோல் நோயாக இருக்கலாம். தைராய்டு குறைவாக உள்ளவர்களுக்கும் கால் இப்படி வறளும்.

சர்க்கரை நோயாளிகள் காலை ஊறவைக்கக் கூடாது, கல்லாலும் தேய்க்கக் கூடாது. கிரீம் மட்டும் தடவலாம், விரல் இடுக்கில் படாமல்.

கேள்வி: வடாம் எடுக்க வெறுங்காலோடு மொட்டை மாடிக்குப் போய்க் கால் பொரிந்துவிட்டது. உடனே என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டியிருக்க வேண்டும். நடுப்பகலில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், அதைத் திறந்துவிட்டுக் காலை நீட்டாதீர்கள். பானைத் தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது ரத்தக் குழாயைச் சுருக்கித் தோலை மேலும் கெடுக்கும். பேஸ்ட், மாவு, மஞ்சள், இங்க் எதுவும் பூசக் கூடாது. காலில் மெட்டியோ கொலுசோ இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாகக் கட்டுங்கள். மேல்தோல்தான் காலுக்கு இருக்கும் நல்ல கட்டு. கொப்புளம் உள்ளங்கை அளவுக்கு இருந்தாலோ, தோல் வெளுத்து உணர்ச்சி இல்லாமல் இருந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: புதுத் தோல் செருப்பு வாங்கினாலே கடித்துப் புண்ணாகிறது.
– வாசகர், கோவை

பதில்: காலையில் வாங்கியிருப்பீர்கள். வெயில் காலத்தில் மாலைக்குள் கால் சற்று வீங்கும், அதனால் மாலை 5 மணிக்கு மேல் போய் வாங்குங்கள். இரண்டு காலிலும் போட்டு நின்று பாருங்கள், பெரிய காலுக்குத்தான் அளவு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள் அரை மணி, ஒரு மணி என்று பழக்குங்கள். வார் உரசும் இடத்தில் தோல் சிவந்ததுமே பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் கொப்புளம் வராது.

கேள்வி: சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்குகிறது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகி, சேலம்

பதில்: மாத்திரையின் பெயர் அம்லோடிபின் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம், வெயில் அதைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் வடியும் என்று நினைக்க வேண்டாம். மாலையில் 20 நிமிடம் படுத்துக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதை வலித்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ராத்திரியில் உள்ளங்கால் தீயாய் எரிகிறது. உடம்புச் சூடு என்று மருதாணி வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அரைத்த மருதாணி இலை குளிர்ச்சி தரும், அன்றிரவு தூக்கமும் வரும். அதில் தவறில்லை. ஆனால் எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் வெயிலை மட்டும் குறை சொல்லாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் நான்கையும் பார்க்க வேண்டும். பால், முட்டை, மீன் அதிகம் சேர்க்காதவர்களுக்கு பி12 குறைவது சகஜம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கும் குறையலாம். பி12 குறைவென்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டால் சரியாகும், தாமதித்தால் நரம்பு முழுதாக மீளாது. எரிகிறதென்று ஐஸ் தண்ணீரில் காலை வைத்திருப்பது, மரத்த காலில் புண்ணைத்தான் உண்டாக்கும். மருதாணியும் வீட்டில் அரைத்ததாகவே இருக்கட்டும். கடையில் விற்கும் ‘கறுப்பு மருதாணி’யில் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். அது பட்ட இடமெல்லாம் கொப்புளமாகிவிடும்.