கேள்வி – பதில்: சிம்பல் இல்லாத பைனரியை எங்கிருந்து படிப்பது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பட்டறையில் எடை மேடையோடு இணைந்த பழைய லினக்ஸ் பெட்டி ஒன்று ஓடுகிறது. நிரல் எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள், சோர்ஸ் கோடு இல்லை, இயங்கும் கோப்பான பைனரி மட்டும்தான் இருக்கிறது. மேடை அனுப்பும் எடையைப் புதிய பில்லிங் மென்பொருளுக்குக் கொண்டுவர வேண்டும். பைனரியைப் பிரித்துக் காட்டும் கிட்ராவில் (Ghidra) திறந்தால் எந்த ஃபங்ஷனுக்கும் பெயர் இல்லை, வெறும் முகவரி எண்தான் தெரிகிறது. எங்கே தொடங்குவது?

நிரல் தொடங்கும் 'மெயின்' ஃபங்ஷனில் ஆரம்பித்து வரிவரியாகப் படிக்காதீர்கள். இரண்டு நாளில் சலிப்புதான் மிஞ்சும். நிரல் வெளியுலகைத் தொடும் இடத்தில் கை வையுங்கள். உங்களுக்கு அது சீரியல் போர்ட்.

பைனரியை நகலெடுத்து, அதன் மேல் 'ஃபைல்' கட்டளையை ஓட்டுங்கள். 'டைனமிக்கலி லிங்க்டு' (லைப்ரரி தனியாக இருக்கிறது), 'ஸ்ட்ரிப்டு' (பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன) என்ற இரண்டும் வந்தால் நல்ல செய்தி. ஸ்ட்ரிப் செய்யும்போது போவது டிபக் தகவலும் நிரலின் சொந்த ஃபங்ஷன் பெயர்களும்தான். லைப்ரரியிலிருந்து இரவல் வாங்கும் ஃபங்ஷன்களின் பெயர்கள் அப்படியே இருக்கும். அவற்றையும் அழித்தால் 'ஓபன்' எங்கே, 'ரீட்' எங்கே என்று நிரலை ஏற்றும் லோடருக்குத் தெரியாது, நிரல் ஓடாது. அந்த இரவல் பெயர்களே நமக்குப் பிடி.

கிட்ராவின் இம்போர்ட் பட்டியலில் 'டிசிசெட்ஆட்டர்' (tcsetattr, சீரியல் போர்ட்டை அமைப்பது) என்ற பெயரைத் தேடி, அதை யார் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு ஃபங்ஷன்தான் இருக்கும். போர்ட்டைத் திறப்பது அதுதான். உடனே 'எல்' விசையை அழுத்தி உங்களுக்குப் புரிகிற பெயரை வைத்துவிடுங்கள். அப்புறம் வைக்கலாம் என்று விட்டால் அதே ஃபங்ஷனுக்குள் நாலு முறை நுழைந்து வருவீர்கள்.

அதே ஃபங்ஷனுக்குள் வேகத்தை அமைக்கும் 'சிஎஃப்செட்ஐஸ்பீட்' (cfsetispeed) அழைப்பும் இருக்கும். அதற்குப் போகும் இரண்டாவது மதிப்பு 13 என்றால் வேகம் 9600 பாட் என்று பொருள். இந்த வயது லினக்ஸில் அது வெறும் குறியீட்டு எண்: 12 என்றால் 4800, 14 என்றால் 19200, 15 என்றால் 38400, ஹெக்ஸ் 1002 என்றால் 115200. கிட்ரா ஹெக்ஸில் காட்டும் என்பதால் 13-க்குப் பதில் 'டி' (d) என்ற எழுத்துதான் கண்ணில் படும்.

அடுத்து, 'டிசிசெட்ஆட்டர்' கையில் கொடுக்கப்படும் கட்டமைப்பின், 0-விலிருந்து எண்ணினால் 8-வது பைட்டில் தொடங்கும் எண்ணைக் கவனியுங்கள். அதில் ஹெக்ஸ் 30 சேர்க்கப்பட்டால் 8 டேட்டா பிட், 20 என்றால் 7 பிட். 100 சேர்ந்தால் பாரிட்டி (பிழை கண்டறியும் கூடுதல் பிட்) உண்டு, கூடவே 200-ம் சேர்ந்தால் ஆட் (ஒற்றைப்படை) பாரிட்டி. 40 என்றால் இரண்டு ஸ்டாப் பிட். இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. மேடை 7 பிட், ஈவன் (இரட்டைப்படை) பாரிட்டியில் அனுப்பும்போது நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வாசித்தால், 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்கள் சரியாக வரும். 1, 2, 4, 7, 8 மட்டும் குப்பையாக வரும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1-பிட் உள்ள எழுத்துகளில் பாரிட்டி பிட் எட்டாவது பிட்டாக ஒட்டிக்கொள்வதே காரணம். பாதி சரியாக வருவதால் பலர் கேபிளைச் சந்தேகித்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் புதிதாக வாங்கி வருவார்கள். குறை கேபிளில் இல்லை.

பிறகு 'ரீட்' அழைப்பைச் சுற்றியுள்ள லூப். வந்த பைட்டை 2, 3 ஆகியவற்றோடு ஒப்பிட்டால் அவை செய்தியின் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும். 13, 10 என்றால் வரி முடிவு. பைட்டுகளை ஒன்றோடொன்று எக்ஸார் (XOR) செய்துகொண்டே போனால் அது செக்சம், அதாவது பிழை சரிபார்க்கும் எண். கண்டுபிடித்ததைச் சரிபார்க்க, மேடையில் லோடு இல்லாத நேரத்தில் ஓடும் நிரலின் மேல், அதன் சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் எஸ்-டிரேஸை (strace) இணைத்து, 'ரீட்' அழைப்புகளை மட்டும் ஹெக்ஸில் பாருங்கள். தெரிந்த எடைக் கல் ஒன்றை வையுங்கள். திரையில் 12.450 என்று காட்டி, வந்த பைட்டுகளில் 012450 என்று மட்டும் இருந்தால், புள்ளியை வைப்பது நிரல்தான். 1000-ஆல் வகுக்கும் இடத்தைத் தேடுங்கள்.

கிண்டியிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: கிட்ராவில் மெயின் 101149 என்ற முகவரியில் இருக்கிறது. டிபக்கரான ஜிடிபியில் (gdb) அதே முகவரியில் பிரேக்பாயிண்ட் வைத்தால் 'நினைவகத்தை அணுக முடியவில்லை' என்று பிழை வருகிறது. ஏன்?

உங்கள் பைனரி எந்த முகவரியிலும் குடியேறக்கூடிய வகை. அப்படிப்பட்டதை கிட்ரா ஹெக்ஸ் 100000-இல் வைத்துக் காட்டும். ஜிடிபி, முகவரியைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிட்டு ஓட்டுவதால் 64 பிட் இன்டெல் லினக்ஸில் வழக்கமாக 555555554000-இல் ஏற்றும். 101149-இலிருந்து 100000-ஐக் கழித்தால் 1149. அதை இதோடு கூட்டினால் 555555555149. அங்கே வையுங்கள். ஆனால் முதலில் 'ஸ்டார்ட்ஐ' கட்டளை கொடுத்து நிரலை முதல் கட்டளையில் நிறுத்திக்கொள்ளுங்கள். நிரல் நினைவகத்துக்கு வருவதற்கு முன் அந்த முகவரியில் ஒன்றுமே இருக்காது. டாக்கர் என்ற தனிச் சூழலுக்குள் ஓட்டினால் கலைப்பை அணைக்க அனுமதி இல்லை என்று எச்சரிக்கை வரலாம். அப்போது 'இன்ஃபோ பிராக் மேப்பிங்ஸ்' காட்டும் தொடக்க முகவரியைக் கொண்டு கணக்கிடுங்கள்.

பெயர் இல்லாத பைனரியில் மெயினைக் கண்டுபிடிக்க: நுழைவு முகவரிக்குப் போனால், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் (glibc) 'லிப்சி ஸ்டார்ட் மெயின்' அழைக்கப்படும். அதற்குச் சற்று முன் ஆர்டிஐ ரெஜிஸ்டரில் ஏற்றப்படும் முகவரிதான் மெயின்.

பெருங்குடியிலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் இருப்பது ஸ்டாட்டிக்காக லிங்க் செய்து (லைப்ரரியையும் உள்ளேயே சேர்த்து) ஸ்ட்ரிப் செய்த பைனரி. இரவல் பெயர்களும் இல்லை. இரண்டாயிரம் ஃபங்ஷன்களில் எது நிரலுடையது, எது லைப்ரரியுடையது?

லைப்ரரியை முதலில் பிரித்தெடுங்கள். 'காமென்ட்' செக்‌ஷனை யாரும் தனியாக நீக்காவிட்டால் கம்பைலரின் பதிப்பு அதில் எழுதியிருக்கும். ஜிசிசி 9.4.0, உபுண்டு 20.04 என்று இருந்தால் ஜிலிப்சி 2.31. அந்தப் பதிப்பின் ஸ்டாட்டிக் லைப்ரரியை இறக்கி, கிட்ராவில் ஏற்றி, லைப்ரரி ஃபங்ஷன்களை அடையாளம் காட்டும் ஃபங்ஷன் ஐடி தரவுத்தளம் ஒன்று உருவாக்கி, உங்கள் பைனரியை மறுபடி அலசச் சொல்லுங்கள். கிட்ராவோடு வரும் தரவுத்தளம் விஷுவல் ஸ்டுடியோவுக்கானது, லினக்ஸ் பைனரிக்கு உதவாது. மிகச் சிறிய ஃபங்ஷன்கள் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அவற்றுக்குக் கிடைக்கும் பெயரை நம்ப வேண்டாம்.

இன்னொரு தொல்லை: 'அபார்ட்' போல அழைத்தவரிடம் திரும்பாத ஃபங்ஷனை கிட்ரா அடையாளம் காணாவிட்டால், அழைப்புக்குப் பிறகும் கோடு தொடர்கிறது என்று நினைத்து அடுத்த ஃபங்ஷனை இதோடு ஒட்டிவிடும். காரணமே இல்லாமல் நீளும் ஃபங்ஷனைக் கண்டால், அதற்குள் கடைசியாக அழைக்கப்பட்டதைச் சோதித்து, 'திரும்பாது' என்று குறியிடுங்கள்.

சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் கேட்கும் சேவை) எண்களும் கைகொடுக்கும். 64 பிட் இன்டெலில் 'சிஸ்கால்' கட்டளைக்கு முன் ஏற்றப்படும் எண் 0 என்றால் ரீட், 1 என்றால் ரைட், 257 என்றால் ஓபன்அட், 42 என்றால் கனெக்ட். கோ மொழியில் எழுதியதாக இருந்தால் கவலையே வேண்டாம். ஸ்ட்ரிப் செய்தாலும் அதன் ரன்டைம் அட்டவணையில் ஃபங்ஷன் பெயர்கள் இருக்கும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி: பைனரியிலிருந்து கோடை ஊகித்து எழுதும் டீகம்பைலர் காட்டும் சி கோடை எந்த அளவு நம்பலாம்?

போக்கை நம்பலாம். வகைகளையும் அளபுருக்களின் எண்ணிக்கையையும் நம்பக் கூடாது. சந்தேகம் வந்தால் அசெம்பிளிதான் சாட்சி. அங்கேயும் பழக்கம் வேண்டும்: 10-ஆல் வகுப்பதை கம்பைலர் பெரும்பாலும் வகுத்தலாக எழுதாது. ஹெக்ஸ் 66666667-ஆல் பெருக்கி 34 பிட் வலப்பக்கம் நகர்த்தும். அதே எண், 33 பிட் நகர்வு என்றால் 5-ஆல் வகுக்கிறது. புதியவர்கள் இதை ஏதோ ரகசியக் குறியாக்கம் என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள்.

அதே அம்பத்தூர் வாசகர்: இப்படிப் பிரித்துப் பார்ப்பது சட்டப்படி குற்றமா?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1), முறையாகப் பெற்ற நிரலை வைத்திருப்பவர் வேறு நிரலோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு இடம் தருகிறது. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் தேவை அதற்குள் வருவதாகவே தெரிகிறது. லைசன்ஸ் பூட்டை உடைப்பது வேறு விஷயம், பிரிவு 65ஏ அதைத் தனியாகக் கையாள்கிறது. நிரல் வாங்கிய பில்லையும் ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்து, ஒப்பந்தத்தில் இது பற்றித் தடை ஏதும் இருந்தால் வேலை தொடங்கும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.