சுவரோரம் குமுறும், சோபாவில் கேட்காது
(கோபிச்செட்டிபாளையத்து மைக் செட்காரர் பதில் சொல்கிறார்)

கேள்வி: மாடியில் 12-க்கு 12 அடி அறை கட்டி ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறேன். உயரம் 10 அடி. சப் உஃபர் (பேஸ் எனும் அடித்தொனிக்கான பெட்டி) மூலையில், சோபா நட்டநடுவில். சோபாவில் உட்கார்ந்தால் பேஸே கேட்கவில்லை. சுவரோரம் போனால் குமுறுகிறது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டலாமா?
— வாசகர், பெருந்துறை

பதில்: வேண்டாமுங்க. உஃபரிலும் கோளாறு இல்லை. அறையைச் சதுரமாகக் கட்டிவிட்டீர்கள், அதுதான் வினை.

30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். கொத்தனார் கணக்கில் சுமார் 1,145 அடி. அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 48 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 48 அதிர்வுக்கு, வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 24 அடி வரும். அதில் பாதி 12 அடி, உங்கள் அறையின் அளவு. இப்படிப் பொருந்திவிட்டால் அலை நின்ற இடத்திலேயே ஆடும். மாட்டுத் தொட்டித் தண்ணீரை ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு ஓரமும் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் மாறாது, அதே கதைதான். அந்த நடுவில் சோபாவைப் போட்டிருக்கிறீர்கள். நீளமும் அகலமும் ஒன்று என்பதால் இரண்டு பக்கத்துக் குமுறலும் அதே 48-ல் வந்து சேர்கிறது. 15-க்கு 12 என்று கட்டியிருந்தால் ஒன்று 38-க்குப் போயிருக்கும்.

முட்டை அட்டைக்கு வருவோம். ஒலியை உறிஞ்சும் பொருள் நன்றாக வேலை செய்ய அலைநீளத்தில் கால்பங்காவது கனம் வேண்டும். 48-க்குக் கால்பங்கு 6 அடி! இரண்டு அங்குல அட்டை, அதுவும் வெறும் காகிதக்கூழ், என்ன செய்யும்? தூசி சேரும், தீப்பிடித்தால் ஆபத்து. பவானி ஜமுக்காளத்தைத் தரையில் விரித்தால் பேச்சின் கணகணப்பு குறையும்; பேஸ் அதை மதிக்காது.

காசில்லாத வைத்தியம் சொல்கிறேன். சோபாவைப் பின்சுவரிலிருந்து 4 அடியில் போடுங்கள். அங்கே 48-ம் முழுக்கச் சாகாது, அதன் இரட்டையான 96-ம் சாகாது. உஃபரை முன்சுவரின் நடுவுக்கு மாற்றுங்கள். மூலையில் இருந்தால் எல்லாக் குமுறலையும் கிளப்பிவிடும். அப்புறமும் திருப்தி இல்லையா? உஃபரைத் தூக்கிச் சோபா மேலேயே வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே உஃபரை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி: காங்கேயம் பக்கம் ஒரு மண்டபத்தில் மகள் கல்யாணம். மங்கல வாழ்த்து பாடியபோது ஒரு வரிகூடப் புரியவில்லை. மைக்காரர் சத்தத்தைக் கூட்டினார், இன்னும் மோசமானது. ஆள் நிறைந்தபின் அதே மைக்கில் பேசியது நன்றாகவே கேட்டது. ஏன்?
— வாசகி, தாராபுரம்

பதில்: மண்டபம் காலியாக இருந்ததுதான் காரணம், அம்மா. கிரானைட் தரை, பூசிய சுவர், எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். 1895 வாக்கில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற பேராசிரியர் ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, எதிரொலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அவர் சூத்திரத்தில் 100-க்கு 50 அடி, 20 அடி உயர மண்டபத்தைப் போட்டால், காலியாக இருக்கும்போது சுமார் 6 நொடி. 500 பேர் உட்கார்ந்தால் ஒன்றரை நொடி சொச்சம். மனித உடம்பும் சேலையும் நல்ல உறிஞ்சிகள்.

சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே ஏறும். மேடையில் இரண்டு பெரிய பெட்டியை அலறவிடுவதற்குப் பதில், பக்கவாட்டில் சின்னச் சின்னப் பெட்டிகளை ஆட்கள் பக்கம் திருப்பி மெல்ல வைக்கச் சொல்லுங்கள். பாடுகிறவர் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் மைக் இருக்கட்டும். அடுத்த கல்யாணத்துக்கு மைக் செட் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். மேடை அலங்காரத்துக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு துளி போதும்.

கேள்வி: வெயில், குளிருக்குத் தக்கபடி ஒலியின் வேகம் மாறுமா?
— மாணவர், உடுமலை

பதில்: மாறும் தம்பி. ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர். அறைக் கணக்கில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் நாதஸ்வரக்காரரைக் கேட்டுப் பாருங்கள், குழலுக்குள் காற்று சூடாகச் சூடாகச் சுருதி ஏறும்.