ஏழு பங்காளி, ஒரு சாவி

பழைய வீடு, பழைய கைத்தொழில் இவற்றை வைத்துச் சுற்றுலாவில் பிழைக்க முடியுமா என்று கேட்டு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காரைக்குடிப் பக்கத்துக் கடிதங்கள். அதனால் இந்த முறை செட்டிநாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். முதலில் கடிதம், அதன் கீழே என் பதில்.

கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் ஐயா கட்டிய வீடு. ஏழு பங்காளிகள், ஊரில் இருப்பது நான் ஒருவன்தான். மழைக்கு ஒழுகுகிறது, ஓடு மாற்றிக் கட்டுப்படியாகவில்லை. கடன் வாங்கி ஹோட்டலாக மாற்றலாம் என்கிறான் மகன். செய்யலாமா?

கடனை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஏழு கையெழுத்து. வளவைச் (நடு முற்றம்) சுற்றியுள்ள ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) என்று உங்களுக்கே தெரியும், சாவி உங்கள் இடுப்பில் இருப்பதால் வீடு உங்களுடையதாகிவிடாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஏழாமவர் வெளிநாட்டில் இருந்தார், "அவன் ஒன்றும் சொல்லமாட்டான்" என்று வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து நாலு காசு வர ஆரம்பித்ததும் அவர் வந்து இறங்கினார், அதோடு வீடு பூட்டியது பூட்டியதுதான்.

ஆகவே, எல்லோரும் உங்களுக்குக் குத்தகைக்கு விடுவதாக ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள் (ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம்). காலம் பத்து வருடத்துக்குக் குறைந்தால் போட்ட பணம் திரும்பாது. கூரை செலவு யார் தலையில், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதோடு, முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எந்தெந்த நாள் விருந்தாளியே வரக்கூடாது என்பதையும் எழுதிவையுங்கள். சாமி அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும்தான். இந்தக் கடைசி விஷயத்தில்தான் சண்டை வரும், பணத்தில் அவ்வளவாக வராது.

ஹோட்டல் வேண்டாம். ஒன்றிலிருந்து ஆறு அறை வரை, உரிமையாளர் அங்கேயே குடியிருந்து நடத்தும் வீட்டுத் தங்கலுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் ஒரு திட்டம் இருக்கிறது, அதில் இரண்டு அறையோடு தொடங்குங்கள். ஊரில் நீங்கள் ஒருவராவது இருப்பதுதான் இங்கே உண்மையான முதல். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், மறந்தால் வம்பு.

செலவென்றால் முதலில் கூரை, அடுத்து குளியலறை. வளவு அறைகளை உடைத்துக் குழாய் இழுக்காதீர்கள், வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலோ மூன்றாம் கட்டிலோ வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்டால் கொத்தனார் சிமெண்ட் பூசத்தான் சொல்வார், கேட்காதீர்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சும் சேர்ந்து உரிந்து வரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்கும்வரை விரிசல் அப்படியே இருக்கட்டும்.

காரைக்குடியில் 'தி பங்களா' 1999-இல் ஹோட்டலானது. அங்கே போய்விட்டு வருகிறவர்கள் தூணையா பேசுகிறார்கள்? இலைச் சாப்பாட்டைத்தான் பேசுகிறார்கள். உங்கள் வீட்டு ஆச்சி சுடும் வெள்ளைப் பணியாரம் எந்தப் பெரிய கம்பெனியிடமும் கிடையாது.

யுனெஸ்கோ பட்டியலில் செட்டிநாடு வந்துவிட்டால் கூட்டம் தானாக வரும் என்கிறார்கள். அதுவரை பொறுத்திருக்கலாமா?

தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது 2014-இல். அது வாசல் திண்ணை மாதிரி, உள்ளே கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நீங்கள் ஏன் கூடவே உட்கார வேண்டும்?

வரலாறு படித்த பட்டதாரி நான், சொந்த வீடும் இல்லை முதலும் இல்லை. காரைக்குடியில் நடைச்சுற்றுலா நடத்த ஆசை. நடக்குமா? தம்பி மாதிரி நினைத்துச் சொல்லுங்கள்.

நடக்கும் தம்பி, ஆனால் வரலாற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். வந்தவரை வெயிலில் நிறுத்தி நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில் பெயரையும் ஒப்பித்தால் மூன்றாவது கோயிலில் அவர் கைபேசியை எடுத்துவிடுவார். வீடு ஏன் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, பர்மாத் தேக்கு எப்படி இங்கே வந்தது, 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததற்கும் இந்தத் தெருவில் பூட்டிக் கிடக்கும் கதவுக்கும் என்ன தொடர்பு, இந்த மூன்று போதும், இரண்டு மணி நேரம் ஓடிவிடும். காலை ஏழுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு இட்லிக் கடையில் முடியுங்கள். ஆறு பேருக்கு மேல் கூட்டாதீர்கள்.

திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் போன்ற தொல்லியல் துறை இடங்களுக்குள் வழிகாட்டியாக நிற்க உரிமம் வேண்டும், தெருவில் நடப்பதற்கு வேண்டியதில்லை. யார் வீட்டுக்குள் போனாலும் காவல்காரர் கையில் கொடுக்கும் பணத்தைச் செலவில் எழுதுங்கள். இனாம் என்று நினைத்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

கோவையில் உணவகம் தொடங்குகிறேன். இடித்த செட்டிநாட்டு வீட்டுத் தூண், கதவு வாங்கி வைக்கலாமா?

வாங்க ஆள் இருப்பதால்தான் இடிக்கிறார்கள் என்பது என் கட்சி, அதனால் என் பதிலில் கொஞ்சம் சாய்வு இருக்கும். சட்டப்படி பார்த்தால், 1972 தொல்பொருள் சட்டம் கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளையும் கணக்கில் எடுக்கிறது. நூறு வருடம் தாண்டியிருந்தால் விற்பவருக்கு உரிமம் வேண்டும், நாட்டை விட்டு வெளியே அனுப்பவும் முடியாது. அந்தப் பணத்துக்கு இங்குள்ள ஆசாரியிடம் புதுக்கதவு செய்யச் சொல்லலாமே.

ஆத்தங்குடியில் எங்களுக்குத் தரைக்கல் பட்டறை. கார் காராக வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள், வேலைதான் கெடுகிறது. காசு கேட்டால் தப்பா?

கேட்காததுதான் தப்பு. கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணக் கரைசலை ஊற்றி, அச்சைத் தூக்கும்போது பூ நின்றுவிடுகிறதே, அந்த நொடிக்காகத்தான் வருகிறார்கள். பார்க்க ஒரு கட்டணம், தானே ஒரு கல் ஊற்றிப் பார்க்க அதைவிடக் கூடுதலாக இன்னொன்று என்று பலகை எழுதி மாட்டுங்கள், வேலைக்காரர்களுக்கும் அதில் பங்கு கொடுங்கள். கல் தண்ணீரில் ஊறிக் காய நாளாகும் என்பதால் அன்றே கையில் கொடுக்க முடியாது. விலாசம் வாங்கி அனுப்புங்கள், கூரியர் காசு தனி. வழியில் உடையும், அதனால் ஆளுக்கு இரண்டாக ஊற்றச் சொல்லுங்கள்.