கேம்ஷாஃப்ட் தேய்ந்த பழைய டீசல் எஞ்சின்: கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.9 லிட்டர், 8 வால்வு, யூனிட் இன்ஜெக்டர் (பம்பும் இன்ஜெக்டரும் ஒன்றாக உள்ள வகை) டிடிஐ டீசல் எஞ்சினைப் பற்றியவை. இதில் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் ஷாஃப்ட், இன்ஜெக்டர்களையும் இயக்குகிறது. கீழே எண்ணோடு சொல்லப்படும் முறுக்கு அளவுகள் அந்த எஞ்சினுக்கானவை. வேறு எஞ்சின் என்றால் அதன் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: ஐட்லிங்கில் ‘டிக் டிக்’ ஓசை, இழுவை குறைவு, மிதித்தால் கரும்புகை. இன்ஜெக்டர் போய்விட்டது என்கிறார்கள். கேம் தேய்ந்திருக்குமா?

இன்ஜெக்டரைக் கழற்றும் முன் வால்வு கவரைக் கழற்றுங்கள். கேம் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் ஃபால்ட் கோடு எதுவும் விழாது. அதனால்தான் நல்ல இன்ஜெக்டர்கள் வீணாக மாற்றப்படுகின்றன.

இன்டேக் லோப் (கேம்ஷாஃப்ட்டில் இன்டேக் வால்வை அழுத்தும் மேடு) தேய்ந்தால் அந்த சிலிண்டருக்குக் காற்று குறையும், கரும்புகை வரும். எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்தால் எரிந்த புகை முழுதாக வெளியேறாது. இன்டேக் வால்வு திறந்ததும் அது இன்டேக் பக்கமாகவே திரும்பி வரும். ஏர் ஃபில்டர் அருகே ‘புஸ் புஸ்’ என்று விட்டுவிட்டுக் கேட்பது இந்த ஓசைதான்.

கவரைக் கழற்றியபின் கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றி ஒவ்வொரு லோபையும் பாருங்கள். நல்ல லோப் முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி பளபளக்கும். ஓரம் கூர்மையாகியிருந்தால், லோபின் உச்சியில் குழி விழுந்திருந்தால், மங்கிய பட்டை தெரிந்தால் அது முடிந்த லோப். சந்தேகம் இருந்தால் டயல் கேஜின் (நுண்ணிய நகர்வை அளக்கும் முள் கருவி) முனையை பக்கெட் டேப்பெட்டின் (லோபுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் கிண்ணம்) ஓரத்தில் வைத்து, ஒரு சுற்றில் அது எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கவும். இன்டேக்கை இன்டேக்கோடும் எக்ஸாஸ்டை எக்ஸாஸ்டோடும் ஒப்பிட வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் குறைவாக இறங்கினால் விடை கிடைத்துவிட்டது.

கே: ஒரே எஞ்சின், ஒரே ஆயில். ஆனால் இரண்டு லோப் மட்டும் தேய்ந்து மற்றவை நன்றாக இருக்கின்றன. எப்படி?

யூனிட் இன்ஜெக்டர் எஞ்சினில் வால்வு லோப்களுக்கு இடையிலேயே இன்ஜெக்டர் லோப்களுக்கும் அதே ஷாஃப்ட்டில் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் வால்வு லோப்கள் குறுகலாகிவிட்டன. குறுகிய பரப்பில் அதே வால்வு ஸ்பிரிங் அழுத்தும்போது ஆயில் படலம் தாங்குவது கடினம். வோக்ஸ்வேகன் 505.01 தரம் இந்த எஞ்சின்களுக்கென்றே வகுக்கப்பட்டது. கேனில் கிரேடு மட்டும் பார்த்து வாங்கி ஊற்றிய வண்டிகளிலும், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுப் புகைக்கரி சேர்ந்த வண்டிகளிலும் தேய்மானம் சீக்கிரம் வரும்.

இரண்டு லோப் மட்டும் போவதற்குக் காரணம் பக்கெட்டின் சுழற்சி. ஓடும்போது ஒவ்வொரு பக்கெட்டும் தன் குழிக்குள் மெல்லச் சுழன்றபடி இருக்க வேண்டும். அப்போதுதான் தேய்மானம் அதன் முகம் முழுவதும் பரவும். ஏதோ ஒன்று சுழல்வதை நிறுத்திவிட்டால் லோப் ஒரே கோட்டில் உரசும். கடினமாக்கப்பட்ட மேல் அடுக்கு மெல்லியது. அது போனதும் உள்ளே இருக்கும் மென்மையான உலோகம் மளமளவென்று கரையும். முற்றிய நிலையில் பக்கெட்டின் முகத்தில் ஓட்டையே விழுந்துவிடும்.

கே: ஷாஃப்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பக்கெட்டுகளை வைக்கலாமா?

கூடாது. குழி விழுந்த முகத்தில் புது லோப் உட்கார்ந்தால் புது ஷாஃப்டும் அதே வழியில் போகும். 8 பக்கெட்டுகள், பேரிங் ஷெல்கள், ஆயில் சீல், புது போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வேலை. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள். எப்படியும் அந்தப் பக்கம் முழுவதும் திறந்துதான் இருக்கிறது.

கே: வெல்ட் வைத்து கிரைண்ட் செய்த ஷாஃப்ட்?

இந்த எஞ்சினுக்கு வேண்டாம். குறுகிய லோபில் கடினத்தன்மை சரியாக வரவில்லையென்றால் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி திறக்க நேரும். செகண்ட் ஹேண்ட் ஷாஃப்ட்டும் அப்படித்தான். அதனுடன் ஓடிய பக்கெட்டுகள், எந்த லோபின் கீழ் எது இருந்தது என்ற அடையாளத்துடன் கிடைத்தால் தவிர அதைத் தொடாதீர்கள்.

கே: கழற்றும் வரிசையைச் சொல்லுங்கள். பேரிங் கேப்பைக் கழற்றும்போதே ஷாஃப்ட் உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயம் நியாயமானதுதான். ஷாஃப்ட் உருளையாக, கனமாகத் தெரிந்தாலும் வளைவைத் தாங்காது. சில வால்வுகள் திறந்த நிலையில் ஸ்பிரிங் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு முனையை மட்டும் விடுவித்தால் மறுமுனை பிடித்திருக்க, நடுவில் முறியும்.

முதலில் 1ஆம் சிலிண்டரை டிடிசியில் (பிஸ்டன் மிக உயரத்தில் நிற்கும் இடம்) நிறுத்தி, கிராங்க்கையும் கேமையும் அவற்றுக்கான லாக் கருவிகளால் பூட்டுங்கள். டைமிங் பெல்ட், கேம் ஸ்ப்ராக்கெட், ஹப் ஆகியவற்றைக் கழற்றவும். ஷாஃப்ட்டின் பின்முனையில் ஓடும் டேண்டம் பம்பையும் (டீசல் பம்பும் வேக்குவம் பம்பும் சேர்ந்தது) கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதன் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். ராக்கர்களின் (இன்ஜெக்டர்களை அழுத்தும் கைகள்) அட்ஜஸ்டிங் ஸ்குருக்களைத் தளர்த்தி, ராக்கர் ஷாஃப்ட்டின் வெளி போல்ட்டுகளை முதலிலும் உள் போல்ட்டுகளைப் பிறகும் விடுவிக்கவும்.

இனி பேரிங் கேப்கள், அதாவது ஷாஃப்ட்டை மேலிருந்து பிடித்திருக்கும் மூடிகள். 5, 1, 3 ஆகியவற்றை முதலில் எடுங்கள். பிறகு 2, 4 இரண்டையும் மாற்றி மாற்றி, குறுக்குவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஷாஃப்ட் சமமாக மேலே எழ வேண்டும். எந்த கேப் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேப்கள் அந்தந்த இடத்துக்கென்றே துளையிடப்பட்டவை, இடம் மாறினால் ஷாஃப்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டும்போது வரிசை தலைகீழ். பக்கெட்டுகளுக்கும் பேரிங்குகளுக்கும் எஞ்சின் ஆயில், லோப் முகங்களுக்கு அசெம்பிளி பேஸ்ட். 1ஆம் சிலிண்டரின் லோப்கள் மேல்நோக்கி இருக்கும்படி ஷாஃப்ட்டை வைத்து, முதலில் 2, 4 கேப்களை மாற்றி மாற்றி இறக்குங்கள். பிறகு 5, 1, 3. போல்ட்டுகளுக்கு 8 நியூட்டன் மீட்டர், அதன்மேல் 90 டிகிரி. 1, 5 கேப்களின் அடிப்பரப்பில் மெல்லிய சீலன்ட் கோடு தேவை. அது விட்டுப்போனால் அங்கிருந்து ஆயில் கசியும். ராக்கர் ஷாஃப்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர், அதன்மேல் 90 டிகிரி, இப்போது உள் போல்ட்டுகள் முதலில். ஹப் போல்ட்டுக்கு 100, ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளுக்கு 25. டிகிரி கணக்கில் இறுக்கப்படும் போல்ட்டுகள் நீண்டுவிட்டவை, அவற்றை மறுபடி போடாதீர்கள்.

கே: எல்லாம் மாட்டியாயிற்று. உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

இல்லை. புது ஹைட்ராலிக் பக்கெட் (ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்வது) ஆயில் நிறைந்து முழு உயரத்தில் இருக்கும். அந்த நிலையில் சில வால்வுகள் மூட வேண்டிய நேரத்திலும் சற்றுத் திறந்திருக்கும், பிஸ்டன் வந்து முட்டும். ஷாஃப்ட் இறுக்கியபின் குறைந்தது 30 நிமிடம் விடுங்கள். பிறகு கையால், மெதுவாக, கிராங்க்கை 2 முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டினால் அழுத்தம் கொடுக்காமல் நிறுத்தி டைமிங்கைச் சரிபாருங்கள்.

கே: இன்ஜெக்டர் ராக்கர் ஸ்குருவை எவ்வளவு திருப்புவது?

புது ஷாஃப்ட் போட்டால் நான்கையும் புதிதாக அமைக்க வேண்டும். ஸ்குருவின் தலையில் டயல் கேஜை வைத்து, ராக்கரின் ரோலர் இன்ஜெக்டர் லோபின் உச்சியில் நிற்கும்வரை, அதாவது முள் மிகத் தாழ்ந்த இடத்துக்கு வரும்வரை எஞ்சினைச் சுற்றுங்கள். ஸ்குருவை உறுதியான தடை வரும்வரை உள்ளே திருப்பி, அங்கிருந்து 180 டிகிரி வெளியே எடுத்து, லாக் நட்டை 30 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். ஆரம்பகால எஞ்சின்கள் சிலவற்றுக்கு 225 டிகிரி. எஞ்சின் கோடு பார்த்து உறுதிசெய்யவும். இடைவெளி போதாவிட்டால் பிளஞ்சர் (இன்ஜெக்டருக்குள் ஏறி இறங்கும் தண்டு) அடியில் முட்டி, கடும் நாக்கிங்கோடு புது லோபையும் ரோலரையும் அடித்து நொறுக்கும். இந்த வேலையை முள் பார்க்காமல் கண்மதிப்பில் செய்யவே கூடாது.

கே: உரசிய உலோகத்தூள் எங்கே போயிருக்கும்?

பெரும்பகுதி ஆயில் ஃபில்டரில். அதை வெட்டி, மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். மினுமினுப்பு நிறைய இருந்தாலோ, பக்கெட்டில் ஓட்டை விழுந்திருந்தாலோ சம்பை (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றி, பம்பின் ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்த பிறகே புது ஆயில் ஊற்றலாம். டர்போவுக்குப் போவதும் இதே ஆயில்தான்.

கே: முதல் ஸ்டார்ட், ரன்னிங்-இன் (புது பாகங்களை ஓட்டிப் பழக்குவது) எப்படி?

இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, விட்டுவிட்டு 10 விநாடிகள் வீதம் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், ஆயில் லைட் அணையும்வரை. பிறகு கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங்கில் நிற்கவிடாதீர்கள், 1,500 முதல் 2,500 ஆர்பிஎம் வரை மாற்றி மாற்றி சுமார் 20 நிமிடம் ஓடட்டும். லோபுக்கும் பக்கெட்டுக்கும் மேலிருந்து தெறிக்கும் ஆயில் அப்போதுதான் போதுமான அளவு கிடைக்கும். தொடக்கத்தில் கேட்கும் டேப்பெட் ஓசை சூடானதும் அடங்க வேண்டும். சுமார் 1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

கே: என்னுடையது 1.6 லிட்டர் பழைய டீசல், ஹைட்ராலிக் இல்லை, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்தது.

உங்களுக்கு அரைமணிக் காத்திருப்பு இல்லை, ஆனால் லோபுக்கும் ஷிம்முக்கும் உள்ள இடைவெளியை அளந்தே ஆக வேண்டும். ஷிம் உள்ள வோக்ஸ்வேகன் டீசலில் எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக்குக்கு 0.20 முதல் 0.30 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.40 முதல் 0.50 மி.மீ. புது ஷாஃப்ட் போட்டதும் குளிர்ந்த நிலையில் 0.05 மி.மீ. குறைத்து அமைத்து, ஓட்டிச் சூடாக்கி மீண்டும் அளந்து, 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். ஷிம்கள் 0.05 மி.மீ. படிகளில் கிடைக்கும். எண் அச்சிட்ட பக்கம் கீழே, பக்கெட்டை நோக்கி இருக்கட்டும்.